நுண்ணுயிர் மேல் போடும் பழி

"விஷத் தண்ணியில பாக்டீரியா எங்க சார் பொழைக்கும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. திருப்பூர் சாயப்பட்டறை முதலாளிகள் கேட்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடுகிறவர்கள் கேட்பார்கள். இயந்திரம் விற்க வருகிற கம்பெனிக்காரர் பேச்சைத் தொடங்குவதே இதில்தான். ஆற்றைக் காப்பாற்ற வழக்கு நடத்துகிற விவசாயிகள் சங்கத்து நண்பர்கள் வாயிலும் இப்போது இதே பேச்சு வருகிறது. வீட்டுச் சாக்கடைக்கு நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு சரி. சாயமும் அமிலமும் சல்பைடும் குரோமியமும் கலந்து வருகிற ஆலைக்கழிவுக்கு அது ஆகாது. அதற்கு ரசாயனம் கொட்டிப் படிய வைக்க வேண்டும், ஆர்.ஓ. வைத்து வடிகட்ட வேண்டும், மிச்சத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். இதுதான் இன்று எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்ட முடிவு.

இது தவறான முடிவு என்பது என் வாதம். வெறும் அபிப்பிராய பேதம் என்றால் விட்டுவிடலாம். கோடிக்கணக்கான ரூபாய் எந்த இயந்திரத்துக்குப் போக வேண்டும், எந்தத் தொட்டியை யார் கவனிக்க வேண்டும், கவனிக்கிறவருக்கு என்ன சம்பளம் என்பது வரை இந்த ஒரு நம்பிக்கைதான் தீர்மானிக்கிறது. அதனால் விட முடியவில்லை.

விஷத்தில் நுண்ணுயிர் பிழைக்குமா என்ற கேள்விக்கு உலகம் என்றைக்கோ பதில் சொல்லிவிட்டது. பீனாலை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பாலிக் அமிலம் என்று பெயர் வைத்து, 1860களில் ஜோசப் லிஸ்டர் அறுவை சிகிச்சையில் கிருமியைக் கொல்லப் பயன்படுத்திய பொருள் அது. நம் வீட்டுக் கறுப்புப் பினாயிலில் அடிக்கிற தார் நெடி இந்தக் குடும்பத்தின் நெடிதான். கிருமிநாசினி என்று பெயர் வாங்கிய இந்தப் பொருள், உருக்காலைகளில் நிலக்கரியைக் கோக்காகச் சுடும்போது கழிவுநீரில் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வரை கலந்து வருகிறது. கூடவே சயனைடு, தயோசயனேட், அம்மோனியா. இதைவிட மோசமான தண்ணீரைத் தேடிப் பிடிப்பது சிரமம். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்வது எது? பாக்டீரியாதான். ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் நடக்கிறது. நம் நாட்டு உருக்காலைகளிலும் கோக் அடுப்புக்குப் பக்கத்தில் 'பி.ஓ.டி. பிளாண்ட்' என்று தொழிலாளர்கள் சொல்கிற இடம் ஒன்று இருக்கும். அங்கே காற்றுக் குமிழிகள் கொப்பளிக்கிற பழுப்பு நிறத் தொட்டியில், பீனாலைத் தின்று உயிர் வாழ்கிற கோடானுகோடி உயிர்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

சயனைடு? அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் லெட் என்ற ஊரில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் இருந்தது. நூறு வருடத்துக்கு மேலாகச் சுரங்கத்தின் கழிவு வைட்வுட் ஓடையில் விழுந்து, ஓடையில் மீன் இல்லாமல் போனது. 1984இல் அங்கே ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். வரிசையாகச் சுழலும் பெரிய வட்டத் தட்டுகள். பாதி தண்ணீருக்குள், பாதி காற்றில். அந்தத் தட்டுகளின் மேல் பாசிபோல் படிந்து வாழ்ந்தவை சூடோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள். எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். அந்தச் சுரங்கத்தின் தண்ணீரிலேயே, சயனைடுக்கு நடுவிலேயே, அவை ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பிடித்து, பழக்கி, பெருக்கினார்கள். அவை சயனைடையும் தயோசயனேட்டையும் உடைத்தன; அதில் வந்த அம்மோனியாவை வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றின. ஓடைக்கு ட்ரவுட் மீன்கள் திரும்பி வந்தன.

உலோகம்? நெதர்லாந்தில் பூடல் என்ற ஊரில் ஒரு துத்தநாக ஆலை. ஆலைக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீரில் துத்தநாகமும் காட்மியமும் சல்பேட்டும் கலந்து கிடந்தன. 1992இல் அந்தத் தண்ணீரை இறைத்து, ஆக்சிஜன் இல்லாத கலனில் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியாவிடம் விட்டார்கள். சல்பைடு உலோகத்தைப் பிடித்துக்கொண்டு கீழே படிந்தது. படிந்த துத்தநாகச் சல்பைடை அதே ஆலையின் உலைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

பீனால், சயனைடு, காட்மியம் எல்லாம் முடிகிறது. துணிக்குப் போடுகிற சாயம் முடியாது என்று நாம் சொல்கிறோம்.

சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிர்த் தரப்பின் வலுவான ஆயுதம் இதுதான். பருத்தி பனியன் துணிக்கு இன்று அதிகம் போடுவது ரியாக்டிவ் சாயம். போட்ட சாயம் முழுவதும் நூலில் ஏறாது. ஐந்தில் ஒரு பங்கு, சில நிறங்களில் அதற்கும் மேல், தண்ணீரோடு போய்விடும். அதில் பெரும்பகுதி அசோ சாயங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைக் கை கோத்து நிற்கும் ஒரு கண்ணிதான் நிறத்துக்குக் காரணம். காற்றடிக்கும் தொட்டியில் இந்தக் கண்ணி எளிதில் உடையாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் 'பாக்டீரியாவுக்கு நிறம் போகாது' என்று தீர்ப்பு எழுதினார்கள். ஆனால் அதே தண்ணீரை ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் வைத்துப் பாருங்கள். அங்கே வாழும் பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் கிடையாது. தான் உண்ட உணவிலிருந்து வரும் எலக்ட்ரானை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். அசோ கண்ணியின் மேல் இறக்குகிறது. கண்ணி அறுகிறது. நிறம் போய்விடுகிறது.

வேலை இதோடு முடியவில்லை. அறுந்த துண்டுகள் அரோமாட்டிக் அமீன்கள். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அப்படிப்பட்ட அமீன்களைத் தரும் அசோ சாயங்களைத் துணியில் போடக்கூடாது என்று ஜெர்மனி 1994இல் தடை கொண்டுவந்தபோது திருப்பூரே கலங்கியது. ஏற்றுமதியாளர்கள் எல்லோருக்கும் அது நினைவிருக்கும். துணிக்குச் சோதனை வந்தது. தொட்டிக்கு யாரும் அந்தச் சோதனையை வைக்கவில்லை. அந்த அமீன்களை உடைக்க இப்போது ஆக்சிஜன் வேண்டும், வேறு பாக்டீரியா வேண்டும். ஆகவே முதலில் காற்றில்லாத தொட்டி, அடுத்து காற்றடிக்கும் தொட்டி என்ற வரிசை. சல்போனேட் ஏறிய சில அமீன்கள் இதிலும் பிடிவாதம் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் வரிசையைத் தலைகீழாக வைத்துவிட்டு, அல்லது முதல் தொட்டியையே கட்டாமல் விட்டுவிட்டு, பாக்டீரியாவால் முடியாது என்பது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

நாம் என்ன செய்தோம்? திருப்பூரில், நொய்யல் ஆற்றங்கரையில் 1990களில் எழுந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சாயத் தண்ணீரில் சுண்ணாம்பையும் அன்னபேதியையும் கொட்டிப் படிய வைத்தார்கள். ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் நன்றாகக் கரைகிற வகை, படிய மறுக்கும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு, இன்னும் கொஞ்சம் அன்னபேதி என்று போட்டுக்கொண்டே போனார்கள். தண்ணீரில் இருந்த சாயம் சேற்றுக்குப் போனது. சேறு காய்ந்து, மூட்டையாகி, கொட்டகைக்குள் மலைபோல் அடுக்கப்பட்டது. உப்பு எங்கும் போகவில்லை. தண்ணீரோடேயே நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கு என்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற நிலையை எட்டச் சொன்னது. எட்டாததால் 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த நாட்களில் ஊரே வேலையில்லாமல் நின்றது.

அதற்குப் பிறகு வந்தது ஆர்.ஓ., ஆவியாக்கி, உப்பைப் படிகமாக்கும் கருவி எல்லாம் சேர்ந்த இன்றைய ஏற்பாடு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. உப்பைப் பிரிக்க அது தேவை. ஒரு லிட்டர் சாயக்குளியலில் 40 முதல் 80 கிராம் உப்பு போடுகிற தொழிலில் அதைப் பிரிக்காமல் ஆற்றைக் காப்பாற்ற முடியாது. அந்த உப்புநீரையே திரும்பச் சாயம் போடப் பயன்படுத்தும் முறை திருப்பூர் கண்டடைந்த நல்ல விஷயம். நான் எதிர்ப்பது, இந்த இயந்திரங்களைக் காட்டி 'இனி பாக்டீரியா எதற்கு' என்று கேட்கிற மனப்போக்கை.

பிரிப்பது ஒரு வேலை. அழிப்பது வேறு வேலை. சுண்ணாம்பு சாயத்தைத் தண்ணீரிலிருந்து சேற்றுக்கு மாற்றுகிறது. ஆர்.ஓ. சவ்வு நல்ல தண்ணீரை ஒரு பக்கமும், அத்தனை விஷத்தையும் கெட்டியாக்கி ரிஜெக்ட் என்று இன்னொரு பக்கமும் தள்ளுகிறது. ஆவியாக்கி அந்த ரிஜெக்ட்டைக் காய்ச்சி, உப்பும் சாயமும் கலந்த கசடாக மூட்டையில் பிடித்துக் கொடுக்கிறது. இத்தனை மின்சாரமும் விறகும் செலவழித்த பிறகும் சாய மூலக்கூறு அப்படியே இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. அந்த மூலக்கூறை உடைத்து, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் தன் உடம்பாகவும் மாற்றுவது நுண்ணுயிர்தான். ஓசோன் போன்ற சில முறைகளும் உடைக்கும். நாள்தோறும் வரும் மொத்தத் தண்ணீரையும் அவற்றிடம் ஒப்படைத்தால் மின்கட்டணம் எந்தத் தொழிலையும் படுக்க வைத்துவிடும்.

இன்னொன்றையும் சவ்வு வைத்திருப்பவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். நுண்ணுயிர்த் தொட்டி சரியாக வேலை செய்யாத மாதத்தில் உங்கள் ஆர்.ஓ. என்ன ஆனது? கரிமக் கழிவு சவ்வின் மேல் படிந்து, அதைத் தின்ன அங்கேயே வழவழப்பாகப் பாக்டீரியா வளர்ந்து, அழுத்தம் ஏறி, வாரம் ஒரு முறை அமிலம் போட்டுக் கழுவி, கடைசியில் சவ்வையே மாற்ற வேண்டி வந்ததா இல்லையா? தொட்டியில் வளர விடாத பாக்டீரியா சவ்வின் மேல் வளர்கிறது. திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆர்.ஓ.வுக்கு முன்னால் நுண்ணுயிர்த் தொட்டியை வைத்தது ஆசைப்பட்டு வைத்ததல்ல. அது இல்லாமல் சவ்வு தாங்காது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டதால் வைத்தார்கள்.

சரி, இவ்வளவு திறமையுள்ள பாக்டீரியா நம் தொட்டிகளில் ஏன் செத்துச் செத்துப் போகிறது? நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், பனியன் துணிக்குச் சாயம் போடும் ஒரு பட்டறையில் சுத்திகரிப்புத் தொட்டியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தண்ணீர் கலங்குகிறது, வெள்ளிக்கிழமைக்கு மேல் கொஞ்சம் தெளிகிறது, அடுத்த செவ்வாய் மறுபடி கலங்குகிறது என்றார்கள். முதலாளி ஏற்கெனவே மூன்று கம்பெனிகளின் 'பாக்டீரியா பவுடர்' வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டார். சாணம் கரைத்து ஊற்றியிருந்தார்கள், வெல்லம் போட்டிருந்தார்கள். நான் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவு ஜாடியில் தண்ணீர் எடுத்து அரை மணி நேரம் வைத்தேன். ஆரோக்கியமான தொட்டியாக இருந்தால் பழுப்புச் சேறு பஞ்சு பஞ்சாகச் சேர்ந்து கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். இங்கே சேறு குண்டூசித் தலை அளவுக்கு நொறுங்கி, மேலே நிற்பது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். நல்ல தொட்டியின் துளியில் வோர்ட்டிசெல்லா என்ற உயிரைப் பார்க்கலாம். நீண்ட காம்பின் மேல் கவிழ்த்த மணி போன்ற உடல். மணியின் விளிம்பைச் சுற்றி மெல்லிய இழைகள் சுழன்று, தண்ணீரில் சின்னஞ்சிறு சுழல் உண்டாக்கி, மிதக்கும் பாக்டீரியாவை இழுத்து விழுங்கும். கண்ணாடித் தகட்டைச் சற்றுத் தட்டினால் காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, பிறகு மெதுவாக நீளும். இந்த உயிர் மிகவும் தொட்டாற்சுருங்கி. விஷமோ மூச்சுத் திணறலோ வந்தால் மணி காம்பை விட்டுக் கழன்று நீந்திப் போய்விடும். அன்றைக்கு நான் பார்த்த துளியில் வெறும் காம்புகள்தான் நின்றுகொண்டிருந்தன. அறுவடை முடிந்த வயல் மாதிரி.

ஆபரேட்டர் தம்பி பக்கத்திலேயே நின்றிருந்தார். பத்தாவது வரை படித்தவர். நான் ஒன்றும் கேட்காமலேயே மெதுவாகச் சொன்னார்: "சார், ஞாயித்துக்கெழம ராத்திரி மிஷினெல்லாம் கழுவுவாங்கங்க. காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டு. அது மொத்தமா ஒரே நேரத்துல இங்க வருதுங்க. நான் சொன்னா யாருங்க கேக்கறாங்க?"

அவ்வளவுதான் விஷயம். அடர்நிறம் போட்ட இயந்திரத்தில் அடுத்து வெளிர்நிறம் போட வேண்டுமானால் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் போட்டுக் கழுவுவார்கள். ஹைட்ரோஸ், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் பொருள். காஸ்டிக், காரத்தன்மையை ஒரேயடியாக ஏற்றிவிடும். ஞாயிறு இரவு முழுவதும் தொட்டியிலிருந்த உயிர்கள் மூச்சுத் திணறி, வெந்து செத்தன. பவுடரில் எந்த பாக்டீரியா இருந்தாலும் அதே கதிதான். மூலையில் சும்மா கிடந்த ஒரு பழைய தொட்டியில் அந்தக் கழுவு நீரைத் தேக்கி, அமிலம் கொஞ்சம் சேர்த்துச் சமன் செய்து, வாரம் முழுவதும் சிறுகச் சிறுக விடச் சொன்னேன். ஒரு மாதத்துக்குள் அரை மணி நேரத்தில் ஜாடி தெளிய ஆரம்பித்தது. ஒரு பம்பும் கொஞ்சம் பைப்பும்தான் செலவு. நோயைக் கண்டுபிடித்தவர் அந்த ஆபரேட்டர்; நான் அவர் சொன்னதை முதலாளி காதில் போட்டேன்.

விஷத்தின் அளவை விட, விஷம் திடீரென்று வருவதுதான் நுண்ணுயிரைக் கொல்கிறது. 1914இல் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டெர்னும் வில்லியம் லாக்கெட்டும் காற்றடிக்கும் தொட்டி முறையைக் கண்டுபிடித்த விதத்திலேயே இதற்கான பாடம் இருக்கிறது. சாக்கடைத் தண்ணீரில் விடாமல் காற்றை ஊதினார்கள். முழுவதும் சுத்தமாக ஐந்து வாரம் பிடித்தது. அடியில் படிந்த சேற்றைக் கொட்டாமல், மேலே இருந்த தெளிவை மட்டும் எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி ஊதினார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்ததில் அதே வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. சேறு பழகிக்கொண்டது. அதைத்தான் உயிரூட்டப்பட்ட சேறு என்றார்கள். ஒரு கழிவுக்குப் பழகிய கூட்டம் உருவாக வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். லிட்டருக்குக் கொஞ்சம் பீனால் என்று தொடங்கி ஏற்றிக்கொண்டே போனால், நாளடைவில் அதுவே உணவாகிவிடும். முதல் நாளே முழுச் சுமையையும் தலையில் கொட்டினால் செத்துப் போகும். கைக்குழந்தைக்கு முதல் நாளே கறிச்சோறு ஊட்டுவோமா?

மாடு வளர்க்கிற எவருக்கும் இது புரியும். தீவனம் நேரத்துக்கு வேண்டும், ஒரே நாளில் தீவனத்தை மாற்றினால் கழியும், மூச்சுவிடக் காற்று வேண்டும், வெக்கை தாங்காது. தொட்டிக்கும் அதேதான். சாயத் தண்ணீர் சூடாக வரும். குளிர வைத்து அனுப்ப வேண்டும். நூறு பங்கு உணவுக்கு ஐந்து பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது கணக்கு. சாயக்கழிவில் இவை இரண்டும் குறைவு, யூரியாவும் டி.ஏ.பி.யும் அளந்து போட வேண்டும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். கரண்டு பில்லை மிச்சம் பிடிக்க ராத்திரி காற்றடிக்கும் ப்ளோயரை நிறுத்துகிற தொட்டியில் விடியும்போது பிணவாடைதான் வரும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் கட்டிப் போட்டுவிட்டு, இந்த இனமே உதவாது என்று சொல்கிறவரை ஊர் என்ன சொல்லும்?

இந்த இடத்தில் 'பாக்டீரியா பவுடர்' விற்கிறவர்களையும் சேர்த்து மறுக்க வேண்டியிருக்கிறது. பாக்டீரியா உதவாது என்கிறவரும், எங்கள் பாக்கெட்டைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். இரண்டு பேருமே தொட்டியைப் பராமரிக்கும் மனிதரைக் கணக்கில் எடுக்கவில்லை. ஹோம்ஸ்டேக்கில் வேலை செய்தவை அந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவை. உங்கள் கழிவுக்கு ஏற்ற உயிர் பெரும்பாலும் உங்கள் வாய்க்கால் ஓரத்துச் சேற்றிலேயே இருக்கிறது.

இனி உப்பும் குரோமியமும். நியாயமான மறுப்பு இதுதான், ஒதுக்கிவிட மாட்டேன். உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது. குரோமியம் ஒரு தனிமம். அதை உடைக்கவே முடியாது. கொடிய ஆறு இணைதிறன் குரோமியத்தைச் சில பாக்டீரியாக்கள் மூன்று இணைதிறனுக்கு இறக்கும். அது சேற்றில் போய் உட்காரும். சேறு அபாயக் கழிவாகும். தோல் பதனிடும் பாலாற்றங்கரைக்கு இதையெல்லாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும், கெடுதல் வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. அது வந்து ஏறக்குறைய மூன்று பத்தாண்டு ஆகிவிட்டது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேடு இன்னும் நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் இதிலிருந்து வரும் முடிவு என்ன? உப்பும் குரோமியமும் நுண்ணுயிர்த் தொட்டிக்கு வரவே கூடாது என்பதுதான். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கெடாமல் இருக்கத் தூவிய கல்லுப்பை, ஊற வைப்பதற்கு முன்னாலேயே உதறி எடுத்துவிட்டால் ஒரு பகுதி அங்கேயே நின்றுவிடும். ஊறல் தண்ணீரைத் தனியாகப் பிரித்துவிட்டால் மீதி உப்பில் பெரும்பகுதி மற்றத் தண்ணீரோடு கலக்காது. குரோம் பதனீட்டில் போடும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் தண்ணீரிலேயே தங்குகிறது. அந்தத் தண்ணீரைத் தனியே பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படிய வைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி தோலுக்கே போடலாம். சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பல காலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிற முறை இது. புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. எல்லாத் தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் விடும் வழக்கத்தை நிறுத்தினால் போதும். சுண்ணாம்புக் குழியின் சல்பைடு தண்ணீரும் பதனீட்டின் அமிலத் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அந்த வாயுவில் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளிகள் உயிரை விட்டிருக்கிறார்கள். பாக்டீரியாவுக்காக இல்லாவிட்டாலும் மனிதர்களுக்காகவாவது வாய்க்கால்களைப் பிரித்தாக வேண்டும்.

அப்படியும் மிஞ்சும் உப்பு? சீராக வரும் உப்புக்கு நுண்ணுயிர் பழகும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதில் வாழாத உயிரா? இன்றைக்கு 5 கிராம், நாளைக்கு 20 கிராம், மறுநாள் மழை பெய்து 2 கிராம் என்று ஏறி இறங்கினால்தான் அதன் உடல் வெடிக்கிறது. ஒரு நாள் தண்ணீர் முழுவதையும் தேக்கிக் கலக்கிச் சமன் செய்யும் பெரிய தொட்டி இருந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். பல நிலையங்களில் முதலில் சுருக்கப்படுவது அந்தத் தொட்டிதான், ஏனென்றால் அதில் பார்வைக்குப் பளபளப்பாக எதுவும் இல்லை.

இடம் பிடிக்கும், நேரம் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கும்தான். வீட்டுச் சாக்கடைக்கு ஆறேழு மணி நேரம் போதும், ஆலைக்கழிவுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ வேண்டும். அந்தக் கணக்குத் தெரிந்தே சாக்கடைத் தொட்டி அளவில் கட்டிவிட்டு, அது தோற்றதும் பாக்டீரியாவின் மேல் பழி போட்டு எழுதுகிற அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன். படிக்கும்போது கோபம் வருகிறது.

அந்தக் கோபத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தண்ணீரிலிருந்து பிரித்த விஷத்தை அழிக்காமல் தேக்கி வைத்துக்கொண்டே போனால் அது எங்காவது ஒரு சுவரை உடைக்கும். அது யார் மேல் விழும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான்.

ஆகவே இயந்திரம் வாங்குகிற முதலாளிகளிடமும், அனுமதி கொடுக்கிற மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடமும் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு பெரிய சுத்திகரிப்பு நிலையத்திலும் ஒரு நுண்ணோக்கி இருக்கட்டும். தினமும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் நிரந்தர வேலையில் இருக்கட்டும். கான்ட்ராக்ட் ஆளாக ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டிருந்தால் எந்தத் தொட்டியும் பழகாது. ப்ளோயர் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தனி மீட்டர் வைத்துப் பதியட்டும். எந்த வாய்க்காலில் எப்போது என்ன தண்ணீர் விடப் போகிறார்கள் என்பதை முந்தின நாளே ஆபரேட்டருக்குச் சொல்லட்டும். அவர் வேண்டாம் என்றால் நிறுத்துகிற அதிகாரமும் அவருக்கு இருக்கட்டும்.

நொய்யல் கரையிலும் பாலாற்றங்கரையிலும் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றிப் பார்க்க உங்களை அழைத்தால் ஆர்.ஓ. அறையின் மினுமினுப்பான குழாய்களோடு திரும்பி வந்துவிடாதீர்கள். காற்றடிக்கும் தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள். அதிலிருந்து ஒரு ஜாடித் தண்ணீரை எடுத்து வைக்கச் சொல்லி, அரை மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். சேறு இறங்கி, மேலே தெளிந்து, மூடியைத் திறந்தால் மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும். அழுகின முட்டை நாற்றம் அடித்தால், நேற்று ராத்திரி ப்ளோயர் ஓடியதா என்று கேளுங்கள்.